விழுந்து காட்டியது

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று பயிற்சிக் கூடத்தில் விழுந்துவிட்டேன். பதறாதே, அடி இல்லை. என் காலைத் தாங்கும் காலிப்பரில் நானே முடுக்கிய திருகு கழன்றுவிட்டது. போலியோ வந்த பிள்ளைகளுக்குக் காலிப்பர் செய்கிறவனுக்கு இது வெட்கக்கேடுதான். விழுந்துவிடுவோமென்று பயந்து இரண்டு வாரமாகக் கைப்பிடிக் கம்பியை விடாத சிறுமி ஒருத்தி என்னையே பார்த்தாள். "எப்படி எந்திரிச்சீங்க? இன்னொரு தடவ விழுந்து காட்டுங்க" என்றாள். நான்கு முறை விழுந்து காட்டினேன். பிறகு அவளும் விழுந்தாள், தானே எழுந்தாள்.

நீ என்னை இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லை. விழுவதற்கே இங்கே வந்துதான் பழகினேன். குறை சொல்லவில்லை.

காலிப்பர் பட்டை தொடையில் உறுத்துகிறது. அடியில் சுற்ற உன் பழைய நூல்புடவையில் இரண்டு துண்டு அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் பிள்ளை