முப்பத்தாறு இன்ச் பிளேடு

மாப்பிள்ளை,

உங்கள் மகன் நேற்றுக் காலை கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். கிட்டே வந்ததுமே தெரிந்துவிட்டது, பச்சைப் புளியமரத்தை அறுத்துவிட்டு நேராக வருகிறான். வேம்போ தேக்கோ என்றால் எனக்கு ஒன்றுமில்லை. பச்சைப் புளித்தூள் வாசனை வந்தால் மட்டும் இத்தனை வருஷமாக எழுந்து வெளியே போய்விடுவேன். நேற்று போக வழியில்லை. மிசின் கம்பெனிக் காகிதங்களை மேசைமேல் பரப்பி, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, வாடகைக்கு மிசின் எடுத்தது போதுமுங்க. சொந்தமா ஒண்ணு எடுத்துப்போடலாம்னு இருக்கேன். நல்லா பெருசா, நாள் முழுக்க ஓடற மாதிரி. எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

மரம் அறுக்கும் மிசின் வாங்குகிறவர்கள் பொள்ளாச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்கள். யாருக்கும் சொல்லிவிடுவேன். உங்கள் மகனுக்கு எந்த வாயால் சொல்வேன்? அவன் அப்பாவைக் கொன்றது புளியமரத்துப் பேய் என்று சொல்லித்தான் அவனை வளர்த்திருக்கிறோம். என் தங்கை கடைசி வரைக்கும் அதை நம்பியே போய்ச் சேர்ந்தாள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். உங்களுக்கே முழுதாகத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று ஊரூராக மரங்களுக்கு நம்பர் போட்டார்களே, அந்த வருஷம். நாம் இரண்டு பேரும் வெட்டுக் காண்டிராக்ட் எடுத்துவிட்டு மிசின் வாங்கக் கோயமுத்தூருக்கு வந்தோம். கடையில் இரண்டு மிசின் எடுத்து வைத்தார்கள். ஒன்று அறுபது சிசிக்குக் கொஞ்சம் மேலே, இருபது இன்ச் பிளேடு. இன்னொன்று தொண்ணூறு சிசி, முப்பத்தாறு இன்ச். நீங்கள் சின்னதைக் கையில் எடுத்துத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, அப்படியே நின்றீர்கள். கடைக்காரர் டீ வாங்கி வந்து, குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டார். நீங்கள் இறக்கவே இல்லை. எனக்கு மானம் போயிற்று.

"கடையில காலையில தூக்கிப் பார்த்தா எல்லா மிசினும் லேசுதானுங்க மச்சான். சாயங்காலம் நாலு மணிக்குக் கை என்ன சொல்லுதுன்னு பாக்கோணும்" என்றீர்கள்.

நான் கேட்டேனா? பெரிய மிசினைக் கிளப்பச் சொன்னேன். அந்தச் சத்தத்தில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது, என் நெஞ்சும் அதிர்ந்தது. அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரே இழுப்பில் மரம் ரெண்டாகிவிடும், சுற்றி வந்து சுற்றி வந்து அறுக்க வேண்டாம் என்று வாதாடினேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள், பிளேடு எவ்வளவு நீளமோ அதன் நுனி மூக்கு அவ்வளவு தூரம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூக்கு எதில் போய் முட்டினாலும் மிசின் நம் மூஞ்சிக்குத்தான் திரும்பி வரும் என்று. "பயமா இருந்தா பூப்பறிக்கப் போங்க மாப்பிள்ளை" என்றேன். கடையில் நாலு பேர் சிரித்தார்கள்.

நீங்கள் சின்ன மிசினைக் கீழே வைத்துவிட்டு, "உங்க இஷ்டமுங்க" என்றீர்கள்.

நம் பக்கத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால் அதைச் சம்மதம் என்று வெளியூர்க்காரன் வேண்டுமானால் நினைப்பான். வேண்டாம் என்பதை உறவு முறியாமல் சொல்கிற வார்த்தை அது. பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த வார்த்தை வந்தால் காபியைக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேட வேண்டியதுதான். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல, "மாப்பிள்ளையே சரின்னுட்டாரு, பில்லைப் போடுங்க" என்றேன்.

ஒரு மாதம் ஓட்டினோம். பெரிய மிசின் மரத்தைக் கடித்துத் துப்பியது. வாகைமரங்கள் விழும்போது பூமி உதறும், கிளைகளோடு குஞ்சுகள் சிதறும், கூடு போன காக்கைகள் நம் தலையைக் கொத்த வரும். எனக்கு அந்த வெறி பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் முன் கைப்பிடிக்கு மேலே இருக்குமே ஒரு காப்பு, மிசின் துள்ளினால் கையில் பட்டுச் சங்கிலியை நிறுத்துகிற பிரேக், அது தூள் அடைத்துக்கொண்டு அடிக்கடி தானாக விழுந்து சங்கிலியை நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மிசினை அணைத்து, பிரித்து, துடைத்து மாட்டுவீர்கள். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் புளியமரத்துக்கு வந்த அன்று காலையில், நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, அந்தக் காப்பைக் கட்டுக்கம்பியால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டினேன். இனிமேல் விழாது. கம்பி தெரியாமல் மேலே துணியும் சுற்றினேன். நீங்கள் கேட்டதற்கு, கை வழுக்குகிறது அதனால்தான் என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

அது ஆணி மரம். பேய் பிடித்தவர்களின் உச்சி முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு தங்கிவிடும் என்பார்கள். எத்தனை தலைமுறையாக அடித்தார்களோ. உள்ளூர்க்காரன் எவனும் கோடாலி வைக்க மாட்டேன் என்றதால்தான் அந்த மரம் நமக்கு வந்தது. கண்ணில் பட்ட ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு அம்மா ஓடி வந்தது. நாற்பது வயது இருக்கும். இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு ஆணியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டது.

"ஏனுங்க, இது என்ற முடியுங்க. இந்த ஆணியை மட்டும் எடுத்துப்போடாதீங்க. மறுபடி வந்து புடிச்சுக்குமுங்க. என்ற புள்ளைங்களை நானே அடிச்சுப்போடுவேனுங்க."

நான் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்து ரோட்டில் தள்ளினேன். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அடுத்த நொடி என் சட்டைக் காலர் உங்கள் கையில் இருந்தது. நமக்குள் அதற்கு முன்பு அப்படி நடந்ததே இல்லை.

"மச்சான், இன்னொருக்கா அந்தம்மா மேல கை வெச்சீங்கன்னா, அந்தக் கை உங்களுக்கு இருக்காதுங்க."

அப்போதும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னீர்கள். பிறகு அந்த அம்மாவைத் தூக்கி விட்டு, "எடுக்கலீங்க அம்மணி. உங்க ஆணிக்கு மேல அறுத்துக்கறேன். அடிமரம் அப்படியே இருக்கட்டும்" என்று வாக்குக் கொடுத்தீர்கள். அடிமரத்தைப் பிறகு புல்டோசர்காரன் பிடுங்கிக்கொள்வான் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் போதுமான வாக்கு அது.

ஆணிக்கு மேலே என்றால் நெஞ்சு உயரம். யாரும் அந்த உயரத்தில் மரத்தை அறுக்க மாட்டார்கள். நீங்கள் அறுத்தீர்கள். பிளேடு பாதிக்கு மேல் இறங்கி, மூக்கு மரத்தின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த இடத்தில், பட்டை மூடிப்போன ஒரு பழைய ஆணி இருந்திருக்கிறது. இரும்பு இரும்பைக் கடித்த சத்தம் கேட்டது. ஒரு பொறி. மிசின் வெட்டுவாயிலிருந்து எம்பி உங்கள் கழுத்துக்கு வந்தது. உங்கள் இடது மணிக்கட்டு காப்பில் மோதியதைப் பார்த்தேன். மோதினால் சங்கிலி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

என் வேட்டியை உருவி உங்கள் கழுத்தில் அழுத்தினேன். விரல்களுக்கு இடையில் சூடாகப் பீறிக்கொண்டே இருந்தது. நீங்கள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள், குரல் வர வேண்டிய இடம் அறுந்து கிடந்தது. மிசின் தரையில் கிடந்து மண்ணைத் தின்றுகொண்டு சுற்றியது. டெம்போவில் ஏற்றிப் பொள்ளாச்சி வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டீர்கள்.

இதுவரைக்கும் விபத்து என்று யாராவது என்னை மன்னிக்கலாம். அதற்கு மேல் செய்ததைக் கேளுங்கள். உங்களை ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு, போலீஸ் வருவதற்குள் திரும்பப் போய், மிசினில் இருந்த துணியையும் கம்பியையும் வெட்டி எடுத்து வாய்க்காலில் வீசினேன். "ஆணி மரமுங்க, பேய் அடிச்சுப்போட்டுது" என்று முதலில் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை. நான்.

ஐந்தாம் நாள் நம் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்த ஊருக்குப் போனார்கள். வண்டி ஓட்டியது நான். அந்த அம்மாவை வீட்டிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "உன்ற பேய்தான்டி எங்க பையனைத் தின்னுபோட்டது" என்று மாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். வாயில் மிதித்தார்கள், பல் தெறித்தது. கடைசியில் கதிர் அறுக்கும் கருக்கரிவாளால் முடியை வேரோடு கொய்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்க சாமி, அவரு என்ற அண்ணன் மாதிரி பேசுனாருங்க" என்றது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு என் இரண்டு கையும் போயிருக்கும்.

நேற்று உங்கள் மகன் காகிதத்தில் தொண்ணூறு சிசி மிசின் மேல் விரலை வைத்து, "இது எப்படிங்க மாமா?" என்றான். அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். "வேண்டாம்டா. அறுபது சிசிக்குக் கொஞ்சம் மேலே எடு. இருபது இன்ச் பிளேடு. பெரிய மரமா இருந்தா ரெண்டு பக்கமும் நின்னு அறு. பிரேக்கைத் தினம் துடை. எவன் கட்டச் சொன்னாலும் கட்டாதே" என்றேன்.

"கட்டறதுங்களா? அதை யாருங்க கட்டுவாங்க?" என்று சிரித்தான்.

"நான் கட்டினேன்" என்றேன். பிறகு நிறுத்தவில்லை. கடை, கம்பி, வாய்க்கால், சாட்டை, எல்லாவற்றையும் சொன்னேன்.

முடியும் வரைக்கும் கேட்டான். எழுந்தான். ஓங்கி ஒரு குத்து. நாற்காலியோடு விழுந்தேன், கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் உருண்டது. இன்னும் அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. அவன் மூச்சிரைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் கையை நீட்டினான்.

"எந்திரிங்க மாமா. அந்தம்மா இருக்குதுங்களா இன்னும்?"

"இருக்குது. அதே ஊர்லதான். விசாரிச்சு வெச்சிருக்கேன். போனதில்லை."

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி கொண்டாறேன். கிளம்பி இருங்க."

மணி இப்போது ஒன்பதரை. குளித்துச் சட்டை மாற்றிவிட்டேன். இடது கன்னம் வீங்கிக் கறுத்து, கண் பாதி மூடிவிட்டது. இந்த மூஞ்சியோடு ஊரான் வீட்டுக்குப் போவீங்களா, மருந்தாவது போடுங்கள் என்று என் வீட்டுக்காரி காலையிலிருந்து சண்டை பிடிக்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன், மாப்பிள்ளை. அந்த அம்மா பார்க்கட்டும்.