முன்வரிசையில் நிற்கும் உங்கள் வண்டி

அன்பில் குறை வைக்காத, வழிவிடுவதில் மட்டும் குறை வைத்த என் சம்பந்தி அருளப்பன் அவர்களுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. உங்கள் வண்டி இன்னும் என் வண்டிக்கு முன்னால்தான் நிற்கிறது. உயிரோடு இருந்தபோது போன் செய்தால் கீழே இறங்கி வந்தாவது எடுப்பீர்கள். இப்போது அந்த மரியாதையும் இல்லை. நான் பஸ்ஸில்தான் தாம்பரம் போய் வருகிறேன்.

உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்தபோது, எங்கள் மாடம்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடி காலியாக இருக்கிறது என்று உங்களிடம் சொன்னது நான்தான். சம்பந்திகள் ஒரே கட்டடத்தில் இருப்பது நல்லதல்ல என்று என் மனைவி அப்போதே எச்சரித்தாள். சமையல் வாசனை, டிவி சத்தம், பேத்தி யார் வீட்டில் சாப்பிடுவாள் என்றெல்லாம் யோசித்தோம். கட்டியவர் உங்கள் பார்க்கிங்கை என் பார்க்கிங்குக்கு முன்னால் வரைந்திருப்பார் என்று யோசிக்கவில்லை. எனக்குச் சுவர். உங்களுக்கு வழி.

அதற்கும் இங்கே ஒரு சட்டம் இருந்தது. முன்வரிசையில் நிறுத்துகிறவர் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருப்பவர் செங்கலை எடுத்து, வண்டியைத் தள்ளி, தன் வண்டியை வெளியே எடுத்து, மறுபடி தள்ளி, செங்கலை வைப்பார். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட ஒருவர் வண்டியை ஒருவர் தள்ளியிருக்கிறார்கள். உங்கள் பழைய வண்டியை ஆறு வருடம் தள்ளினேன். நம் உறவில் சிக்கலே இல்லாத பகுதி அதுதான்.

பிறகு ஹைபிரிட் வந்தது. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். என் மனைவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஆறு காற்றுப்பை, தானாகப் பிடிக்கும் பிரேக், கோடு தாண்டினால் கத்தும் மணி என்று நீங்கள் விரல் விட்டு எண்ணிய பட்டியலோடு இந்த இரண்டையும் சேர்த்தால், இந்தப் பக்கத்திலேயே அதிகப் பாதுகாப்பு உள்ள பொருள் அதுதான். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ்காரர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

முதல் பயணம் நினைவிருக்கிறதா? வேளச்சேரி சாலையில் கோடு இருக்கிறது என்று நம்பிய முதல் ஜீவன் உங்கள் வண்டி. வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. கேம்ப் ரோடு தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது, வண்டி தானாக நின்றது, என் நெற்றி முன்சீட்டில் இடித்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, அதுவே பாத்துடுச்சு" என்றீர்கள், பேத்தி முதல் அடி வைத்ததைச் சொல்வது போல.

"மாடும்தான் பாத்துச்சு. அதுக்கு சர்வீஸ் கிடையாது" என்றேன்.

அன்று மாலை நான் வெளியே போக வேண்டியிருந்தது. வழக்கம்போல உங்கள் வண்டியைத் தள்ளினேன். நகரவில்லை. உங்களைக் கீழே கூப்பிட்டேன்.

"ஆஃப் பண்ணா தானா பார்க் கியருக்குப் போயி சக்கரத்தைப் பூட்டிக்கும் சம்பந்தி. நான் மறந்தாலும் அது மறக்காது."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"ஒரு போன் அடிங்க, இறங்கி வந்துடறேன். வண்டி உருண்டு கொழந்த மேல ஏறிட்டா என்ன பண்றது?"

"இங்க ஏது சம்பந்தி சரிவு? தட்டுல தண்ணி ஊத்தினாகூட ஓடாது."

பாதுகாப்பு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் யாருக்குப் பாதுகாப்பு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதன் பிறகு ஒன்றரை வருடம், ஒவ்வொரு முறையும் போன். ஒவ்வொரு முறையும் லுங்கியோடு சிரித்துக்கொண்டு இறங்குவீர்கள். வண்டியை நகர்த்தியதோடு விடாமல் ஏதாவது ஒரு வசதியை விளக்கவும் செய்வீர்கள். நான் கேட்டதே இல்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து கத்துக் குடுக்கறேன். பத்து நிமிஷம்தான். ஆத்திர அவசரத்துக்கு ஆவும்" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்?

"நாப்பது வருஷமா ஓட்டறேன் சம்பந்தி. எனக்குத் தெரியும். உங்க வண்டிதான் கத்துக்கணும்" என்றேன். நன்றாகச் சொன்னோம் என்று இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மாற்றுச்சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அது எங்கள் வீட்டு வாசல் ஆணியில் பிரிக்காமலே தொங்கியது. பிரித்தால் தோற்றுப்போனதாக ஆகும் என்பது என் கணக்கு. தேவைப்பட்டபோதெல்லாம் போன்தான் செய்தேன்.

அன்று காலை ஒன்பதரை மணி. மற்ற கார்கள் எல்லாம் ஆபீசுக்குப் போயிருந்தன. துணியோடு வண்டியைத் துடைக்க இறங்கிய நீங்கள் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டை நனைந்திருந்தது. சம்பந்தியம்மா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள், கிளம்பிவிட்டது என்றார்கள். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. என் வண்டியை எடுக்கலாம் என்று ஓடினேன். முன்னால் உங்கள் வண்டி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தள்ளினேன். ஒன்றரை வருடமாக நகராத வண்டி என்று ஊருக்கே சொன்னவன், அந்த நேரத்தில் போய்த் தள்ளினேன். வாட்ச்மேன் முனுசாமியும் சேர்ந்து தள்ளினார்.

"இன்னா சார் இது, பாறாங்கல்லு மாரி கீது. சாவி எடுத்தா சார், பேஜார் பண்ணாத" என்றார்.

அப்புறம்தான் கவர் நினைவுக்கு வந்தது. இரண்டு மாடி ஏறி, கவரைக் கிழித்து, சாவியோடு இறங்கினேன். கதவைத் திறந்ததும் உங்களை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, முனுசாமி கேட்டைத் திறக்கப் போனார், சம்பந்தியம்மா பணம் எடுக்க மேலே போனார்கள்.

இனிமேல் எழுதுவது வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்.

முதல் தடவை பட்டனை அமுக்கினேன். விளக்குகள் மட்டும் எரிந்தன. ஆஃப் செய்தேன். இரண்டாவது தடவை பிரேக்கை மிதித்து அமுக்கினேன். ரெடி என்று பச்சையாக வந்தது. இன்ஜின் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஆஃப் செய்தேன். மூன்றாவது தடவையும் அதே பச்சை, அதே அமைதி. நீங்கள் நெஞ்சில் கை வைத்தபடி சொன்னீர்கள்.

"ஓடுது சம்பந்தி. கிளம்புங்க."

"என்ன ஓடுது? இன்ஜினே ஸ்டார்ட் ஆவல."

"அது அப்படித்தான். சத்தம்..."

"நீங்க பேசாம இருங்க" என்றேன்.

ஒன்பது வருட உறவில் நான் சொல்லி நீங்கள் கேட்டது அதை மட்டும்தான். நான் மறுபடி ஆஃப் செய்தேன். நான்காவது தடவை ஆன் செய்து, கதவைத் திறந்து, தள்ளச் சொல்லி முனுசாமியைக் கூப்பிட்டேன். கதவு திறந்திருக்கிறது என்று வண்டி கத்தியது. முனுசாமி தள்ளவில்லை. ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்திக் கூட்டிவந்தார். நான்காவது தடவையும் ஆஃப் செய்துவிட்டு உங்களை அதில் ஏற்றினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நீங்கள் போய்விட்டீர்கள். இன்னும் பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது?

நான் செய்ததைச் சொல்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மூன்றாம் நாள் சம்பந்தியம்மா என் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "நீங்க அப்பவே சொன்னீங்கண்ணா, இந்த வண்டி வேணாம்னு. அவருதான் கேக்கல. ஆசையா வாங்கின வண்டியே அவரை முடிச்சிடுச்சு" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். வாழ்நாள் முழுவதும் நான் சொன்னதுதான் சரி என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கியவன் நான். சொன்னார்கள்.

மாப்பிள்ளை ஷோரூமில் சண்டை போட்டார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் எதுவும் காட்டல சார். அன்னிக்கு நாலு தடவை ஆன் ஆயிருக்கு, நாலு தடவை ஆஃப் பண்ணியிருக்காங்க" என்றாள். பொய் சொல்கிறாய் என்று மாப்பிள்ளை கத்தினார். அவள் கண் கலங்கியது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர் என்ன வேணா சொல்லும்" என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன்.

இப்போது மாப்பிள்ளை வழக்குப் போடப்போகிறார். வண்டி சாட்சி, நகர்த்தக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால்தான் அது அங்கேயே நிற்கிறது. குடியிருப்புச் சங்கத்தில், இனி தள்ள முடியாத வண்டிகளை முன்வரிசையில் நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். வாசகம் என்னுடையது. நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். சம்பந்தியம்மா அந்த வண்டியைப் பார்க்காமல் இருக்கப் பின்பக்க வாசல் வழியாகப் போய், ஷேர் ஆட்டோ பிடித்துப் பூசைக்குப் போகிறார்கள்.

போன வாரம் செருப்பு அலமாரியை நகர்த்தினேன். பின்னால் ஒரு தாள் கிடந்தது. சாவிக் கவரைக் கிழித்தபோது விழுந்திருக்க வேண்டும். உங்கள் கையெழுத்து.

"சம்பந்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கவும். பச்சையாக ரெடி என்று வரும். சத்தம் வராது. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கியரை டி-யில் போட்டு பிரேக்கை விட்டால் போகும். நியூட்ரலில் போட்டுத் தள்ளுவது எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்."

பின்பக்கம் பார்த்தேன். எழுதியிருந்தீர்கள். படமும் போட்டிருந்தீர்கள், செங்கலோடு.

சம்பந்தி, உங்களை நான் மன்னிக்கவில்லை. தள்ள முடியாத வண்டியை ஒருவன் வழியில் நிறுத்திவிட்டு, அதற்கான வழியை ஒட்டிய கவருக்குள் வைத்துக் கொடுப்பது என்ன பழக்கம்? வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல வந்தீர்கள். நான் விடவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சாகி வருவதற்கு முன்னால் அந்தத் தாளை உங்கள் மனைவி கையில் நானே கொடுத்துவிடுவேன். நாலு தடவை ஆஃப் செய்தது யார் என்றும், நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்றும் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையிடமும் சொல்வேன், அப்புறம் வழக்குக்கு வேலை இருக்காது. ஷோரூமில் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொல்வேன். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். அதைப் பற்றி நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, சனிக்கிழமை மெக்கானிக் வருகிறார். சம்பந்தியம்மா ஒத்துக்கொண்டால் மறுநாள் பூசைக்கு உங்கள் வண்டியில் நானே கூட்டிப்போகிறேன். பட்டனை ஒரு தடவைதான் அமுக்குவேன். எந்தச் சத்தத்துக்கும் காத்திருக்க மாட்டேன். திரும்பி வந்ததும் பின்பக்கம் எழுதியிருக்கிறபடி நியூட்ரலில் போட்டு, செங்கல் வைத்துவிட்டுத்தான் மேலே போவேன்.

அந்த விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் சரி.

இப்படிக்கு,
பின்வரிசையிலிருந்து,
உங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா