மடியேந்திய குற்றம்

தாராவி
12-8-1964

அன்புள்ள பேராச்சிக்கு,

நீயும் அத்தையும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா? எனக்குக் குறையொன்றுமில்லை.

அவனுக்காக நீ செந்தூர் முருகனுக்கு நேர்ந்த மடிப்பிச்சையை, லீவு கிடைக்காததால், ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவிலேயே எடுக்கப் போனேன். மஞ்சள் வேட்டி கட்டி, ஏழு வீடு என்று கணக்கு. நான்காவது வாசலில் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். இந்த ராஜ்யத்தில் பிச்சை கேட்டாலே குற்றமாம். பட்டறை அடையாளச் சீட்டைக் காட்டினேன். சம்பளம் வாங்குகிறவன் கையேந்துவது அதைவிட மோசம் என்றார்.

அந்த வீட்டுக்காரர் நம் ஜில்லாக்காரர்தான். நிலைக்கு மேல் முருகன் படம் மாட்டியிருந்தது. "ஐயா, இது நேத்திக்கடன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். இவன் யாரென்றே தெரியாது என்று போலீஸ்காரரிடம் இந்தியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் உள்ளே இருந்தேன். கவலைப்படாதே, ரொட்டி கொடுத்தார்கள். மூன்று வீட்டு அரிசியையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவை என்று மாஜிஸ்திரேட் எச்சரித்து அனுப்பிவிட்டார். மறுபடி பிடிபட்டால் ஒரு வருஷமாவது செம்பூரில் பிச்சைக்காரர்களோடு அடைப்பார்களாம்.

அத்தையிடம் சொல்லாதே. பிரம்மநாயகம் அண்ணாச்சி ஊரிலிருந்து இங்கே வரும்போது கொஞ்சம் நார்த்தங்காய் கொடுத்தனுப்பு. அடிக்கடி கார்டு போடு. தமிழ் பேச ஆள் தேடிப் போக இனி மனமில்லை.

பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. பாக்கி நான்கு வீட்டை நீயே அங்கே கேட்டு முடி. ஏட்டையா வீட்டிலிருந்து தொடங்கு. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மடியில் அரிசி போடுவார்.

இசக்கிப்பாண்டி