பொரியை யாருக்கும் கொடுத்துவிடாதே

கணபதி, கோயம்புத்தூர்.
வெள்ளிக்கிழமை, அத்தா ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரம்.

என் கண்ணு இஃப்ராவுக்கு உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே நானும் உன் அத்தாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ரைஹானும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்பதும் ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டதால், அதைக் கேட்டு உன்னை இன்னொரு பொய் சொல்லவைக்கப் போவதில்லை. தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் படிக்கிற துப்பறியும் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒருவர் நடந்ததை வரிசையாகச் சொல்லுவார், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள், போனில் உன்னை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா. அதனால் எழுதுகிறேன், அத்தா தொழுதுவிட்டு வந்ததும் தாளைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவார். அவர் எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, டாக்டர்தான் கொலை செஞ்சது பக்ரு, இனி நீ நிம்மதியா படி, என்று சொல்லுகிற மனிதர் என்பது உனக்குத் தெரியும், முப்பது வருஷமாக அதற்காக அவரோடு சண்டை போடுகிறேன். இன்று நானும் அவரைப் போலவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. உன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. நான் வரப்போகிறேன் என்பதற்காக அதை ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ கொடுக்கப் போகிறாய். கொடுக்காதே. இனி நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை நிதானமாகப் படி.

ரம்ஜான் முடிந்ததும் வருகிறேன் என்று நான் பெட்டியைத் துடைத்து வைத்தேன், வீடு மாறுகிறோம் பிறகு வாங்கம்மா என்றாய். வீடு மாறியதும் கேட்டேன், இங்கே குளிர் அதிகம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது என்றாய். குளிர் போனபின் கேட்டால் ரைஹானுக்கு ஆபீசில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாய், அவருடைய ஆபீஸ் வேலையை நானா வந்து செய்யப் போகிறேன். நீ இங்கே வந்து போயும் இரண்டு வருஷம் ஆகிறது, கேட்டால் லீவு இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வலித்தது. பெற்ற மகள் வீட்டுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனோ என்று, லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் அதே யோசனை, கையில் இருக்கிற நாவலில் மூன்றாவது ஆள் செத்து விழுந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பிறகு நினைத்தேன், இத்தனை கொலையைத் துப்பறிந்தவளுக்குப் பெற்ற மகளைத் துப்பறியத் தெரியாதா. முதல் சந்தேகம் மாப்பிள்ளை மேல்தான், நல்லவராகவே நடந்துகொள்கிற ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அல்லது உங்கள் இருவருக்குள்ளும் ஏதோ மனஸ்தாபம், இரண்டில் ஒன்று என்று முடிவுகட்டி, காந்திபுரம் போய் பஸ் மாறி போத்தனூருக்கு உன் மாமியாரைப் பார்க்கப் போனேன், கையில் ஆறு தேங்காய் பன். விசாரணை என்று தெரியாமல் விசாரிக்க வேண்டும் அல்லவா, அதனால் வெயிலைப் பற்றி ஆரம்பித்து மெல்ல, மகன் வீட்டுக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்க போயிட்டு வந்துபோட்டீங்கன்னு நெனச்சேனுங்க, உங்களைக் கூப்பிட்டுப்போட்டு என்னைய மட்டும் வேண்டாங்கறாங்களோன்னு மனசே சரியில்லீங்க, என்றார். அவரிடமும் வீடு மாற்றம், குளிர், ஆபீஸ் வேலை, அதே மூன்று, அதே வரிசை. ஆளுக்கு மூன்று பன் சாப்பிட்டோம், என்னைவிட அவர் அதிகம் அழுதார். ஒரே பொய்யை இரண்டு அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குள் சண்டை இல்லை, ஒற்றுமையாகத்தான் இருக்கிறீர்கள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புரிந்தது, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் இருவரும் சேர்ந்து எதை மறைக்கிறீர்கள் என்பது மட்டும் புரியவில்லை.

அன்றிலிருந்து உன் வீடியோ காலை நான் பாசத்தோடு மட்டும் பார்க்கவில்லை. போனை எப்போதும் முகத்துக்குக் கீழே பிடிக்கிறாய், உன் மூக்கும் கூரையும்தான் தெரிகிறது, தரை என்று ஒன்று உன் வீட்டில் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். இங்கே எட்டு மணிக்கு மூன்று தடவை எழுப்பினாலும் எழாதவள் அங்கே ஆறு மணிக்கு மழையில் நடக்கப் போகிறாளாம், உடம்புக்கு நல்லதாம். மாப்பிள்ளையின் கறுப்பு ஸ்வெட்டரில் மஞ்சள் முடி, அவர் தலையில் மிச்சமிருக்கிற கொஞ்சமும் கறுப்பு. ஒருநாள் அவர் ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொன்ன கையோடு பக்கத்தில் திரும்பி, சும்மா உக்காரு கண்ணு, என்றாய், யாரை என்று கேட்டதற்குக் குக்கரைச் சொன்னேன் என்றாய். குக்கரைக் கண்ணு என்று கூப்பிடுகிற பெண்ணை நான் பெறவில்லை. உன் மாமியார் வேறு, மசக்கையா இருக்குமோ அக்கா, என்று போனில் கிளப்பிவிட்டார், மசக்கைக்கும் மஞ்சள் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கணக்கு இடித்தது. கடைசியில் காட்டிக்கொடுத்தது புத்தகம்தான். நம் வீட்டு அலமாரியில் மேல் தட்டு என் துப்பறியும் நாவல்கள், கீழ்த் தட்டு உன் மிருகக் கதைகள். எஜமானைத் தேடி மலை தாண்டி வருகிற நாய், சர்க்கஸை விட்டு ஓடிவந்த கரடி, சுமை தாங்காமல் விழுகிற கழுதை, ஒன்று விடாமல் படித்து அழுவாய், அழுது முடித்ததும் திரும்ப முதலிலிருந்து படிப்பாய், சோறு கூட அப்புறம்தான். நீ போனபின் அந்தத் தட்டை உன் அத்தா பிடித்துக்கொண்டார். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுக் கண் சிவந்து வருகிறார், கேட்டால் வார்னிஷ் நெடி என்கிறார். போன மாதம் அவர் அந்த மலை தாண்டி வருகிற நாயின் கதையில் இருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன், நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். அதையெல்லாம் இப்ப என்னால படிக்க முடியாதும்மா, கடைசீல அது செத்துப்போகும், என்றாய். பன்னிரண்டு தடவை அதைப் படித்தவள் நீ. நாய் இல்லாதவர்கள் அந்தக் கதையைப் படித்து அழலாம், நாய் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது பயமாக இருக்கும் என்று எனக்கு அப்போது தட்டியது.

போன ஞாயிறு நீயே கூப்பிட்டு, அடுத்த மாசம் வாங்கம்மா, நான் டிக்கெட் போடறேன், என்றாய். முதல் தடவையாகப் போனைத் திருப்பி வீட்டைச் சுற்றிக் காட்டினாய், எல்லாம் பளபளவென்று இருந்தது, உன் கண் இரண்டும் வீங்கியிருந்தன, சளி என்றாய். ஒரு வருஷமாகக் கேட்டது கிடைத்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. புதன்கிழமை சாப்பிடும்போது அத்தாவிடம், உங்க மக நாய் வளர்க்கறா, எனக்குப் பயந்து அதை யாருக்கோ குடுத்துப்போடப் போறா, என்று மட்டும் சொன்னேன். மனிதர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, வயசான நாய்தான் பக்ரு, பாவம், பல்லே பாதி இல்லை, என்றார். நாய்க்கு வயதாகிவிட்டது என்று நான் சொல்லவேயில்லை. கரண்டியை வைத்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன், அவர் ரசத்தைப் பார்த்தார். இந்த இடம் எத்தனையோ நாவலில் வந்திருக்கிறது, ஒன்றிலும் என் வீட்டுக்காரர் மாட்டியதில்லை. அப்புறம் எல்லாம் வெளியே வந்தது, மாப்பிள்ளை அவருக்கு மட்டும் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பட்டறை குரூப் என்று சொல்லி என்னிடமிருந்து போனைத் திருப்பிக்கொண்டது, காப்பகத்தில் யாரும் எடுத்துப்போகாத கிழ நாயை நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்து அதை வாங்கிப்போக ஏற்பாடாகியிருப்பது. கடைசியாக, அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். பொரி என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஒன்பது வயதில் நீ மழையில் ஸ்கூல் பைக்குள் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தாய், பொரியைப் போட்டால்தான் தின்னும் என்று அதற்கு அந்தப் பேர், பட்டறையில் காப்பர் கம்பி வந்த அட்டைப் பெட்டியில் எட்டு நாள் தூங்கியது. ஒன்பதாம் நாள் நீ ஸ்கூல் விட்டு வந்தபோது பெட்டி காலி. கேட் திறந்து கிடந்தது, ஓடிப்போய்விட்டது என்று நான் சொன்னேன். கடைசியாக வெளியே போனவர் அத்தா என்பதால் அவர்தான் திறந்து போட்டுவிட்டுப் போனார் என்று நீ இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை, சத்தி ரோடு வரை ஒவ்வொரு சந்தாகத் தேடினாய். கேட்டைத் திறந்தவள் நான். கீரணத்தத்தில் இருந்து நமக்குப் பால் கொண்டுவந்த ஐயாசாமியிடம் குட்டியைக் கொடுத்து அவர் தோட்டத்துக்கு அனுப்பியது நான். அது தொழுகைப் பாயில் வந்து படுத்துவிட்டது, தொழுகிற வீட்டில் நாயா என்று தெருவில் இரண்டு பேர் ஒரு மாதிரி கேட்டார்கள், எனக்குப் பயம், உன்னிடம் எடுத்துச் சொல்லப் பொறுமை இல்லை. கொடுத்தது கூடப் பெரிய தப்பில்லை கண்ணு, உன்னிடம் பொய் சொல்லி அந்தப் பழி அத்தா தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேனே, அதுதான் தப்பு. கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறவரே குற்றவாளி என்று முடிகிற நாவல்கள் என் தட்டில் இரண்டு மூன்று இருக்கின்றன, அவற்றை மட்டும் நான் மறுபடி எடுப்பதில்லை. ஐயாசாமி வரும்போதெல்லாம் பொரி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஏனுங்க அம்மணி, பெத்த புள்ளையாட்ட விசாரிக்கறீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க, ஆட்டுப்பட்டியே அதோட காவல்லதான் கெடக்குதுங்க, என்பார். அது நாலு குட்டி போட்டதும் எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் இருந்துவிட்டுச் செத்ததும் தெரியும். உன்னிடம் சொல்ல வாய் வரை வரும், பரீட்சை முடியட்டும், காலேஜ் சேரட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன், நீ தள்ளிப்போடக் கற்றது யாரிடம் என்று பார். அதற்குப் பதிலாகத்தான் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்கு அத்தாவை விரட்டி உனக்கு மிருகக் கதையாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னேன், கீழ்த் தட்டு நிறைந்தது அப்படித்தான். நேற்று அத்தாவிடம் இதைச் சொன்னேன். கேட்டை நான் சாத்திட்டுத்தான் போனேன் பக்ரு, அது எனக்கு அன்னைக்கே தெரியும், என்றார். எந்த முடிவையும் முந்திக்கொண்டு சொல்லுகிற மனிதர் இந்த ஒன்றை இருபது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

நேற்றுப் பெண்கள் வகுப்பில் மார்க்கம் சொல்லித்தருகிற ஆலிமாவிடம், எனக்குத் தெரிந்தவர் ஒருவருடைய மகள் வீட்டில் நாய் இருக்கிறது, அங்கே போய்த் தங்கினால் தொழுகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, உங்க தெரிஞ்சவங்களைத் தொழுகற எடத்தைத் தனியா சுத்தமா வெச்சுக்கச் சொல்லுங்க, அது நக்கிப்போட்டா கழுவிட்டுத் துணி மாத்திக்கச் சொல்லுங்க, ஒண்ணும் கவலைப்பட வேண்டாங்க, என்றாள். தெரிந்தவர் யார் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள், கணபதியில் துப்பறியத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ஆகவே எனக்குக் கதவு சாத்துகிற அறை ஒன்றை ஒழித்து வை, அதற்குள் அது வரக்கூடாது, மற்ற இடமெல்லாம் அதனுடையது. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சுவேன் என்று கனவு காணாதே, எனக்கு இன்னும் நாய் என்றால் பயம்தான், பல் பாதி இல்லை என்பது ஓர் ஆறுதல். உன் மாமியாருக்கு உண்மையைச் சொல்லும் வேலை மாப்பிள்ளையுடையது, அதில் நான் தலையிடமாட்டேன். அத்தாவிடம் நீ தனியாகப் பேச வேண்டும், என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மேல் கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள், அதற்கு உனக்கு உரிமை உண்டு, நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல். எனக்காக என்று நீ அதைக் கொடுத்துவிட்டால், ஒரே பெண்ணிடமிருந்து இரண்டு தடவை நாயைப் பறித்தவளாக உன் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும், அது என்னால் ஆகாது இஃப்ரா. டிக்கெட்டை இப்போது போடாதே. ஞாயிற்றுக்கிழமை தாண்டி அது உன்னோடு இருந்தால் திங்கட்கிழமை போடு, அது இல்லாத வீட்டுக்கு நான் வருவதாக இல்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த மனதும் தருவானாக, வாய் பேசாத அந்த மூன்றாவது ஜீவனுக்கும் சேர்த்துத்தான் துஆ செய்கிறேன். விடிகாலையில் அதைக் கூட்டிக்கொண்டு போகும்போது தலையில் ஏதாவது போட்டுக்கொள், இனியாவது நிஜமாகவே சளி பிடிக்காமல் இருக்கட்டும். பொரி எந்தெந்த நேரம் என்ன சாப்பிடும், எதைக் கொடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைக்க மறக்காதே, நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போனபின் வீட்டில் நானும் அதுவும்தானே இருக்கப் போகிறோம்.

துஆவுடன்,
உன் அம்மா
பக்ருன்னிசா நாகூர் மீரான்