உப்புத் தண்ணியில கழுவுன கார்

என் தங்கச்சியக் கட்டுன மகராசா, எம் மாப்ள கதிரேசா,

நல்லா இருக்கியான்னு கேக்க முடியாத இடத்துல இருக்க. அதனால நேரா விஷயத்துக்கு வாரேன். எனக்குப் பயமா இருக்கு மாப்ள. காலையில பிடிச்ச நடுக்கம், மணி நாலாச்சு, இன்னும் விடல. எழுத்து கோணலாப் போனா அதுதான் காரணம். உன் வீட்டு ஷெட்டுக்குள்ள, நீ உட்காருற அந்த முக்காலியில உட்கார்ந்துதான் எழுதுறேன்.

நாளைக்கு உனக்கு வருஷத் திதி. உம் மகன் சார்ஜாவுலேர்ந்து லீவு போட்டு வந்து, இன்னைக்கே இராமேஸ்வரத்துல ரூம் போட்டுட்டான். விடிய அக்னி தீர்த்தத்துல உனக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறான். தங்கச்சி மீனாளைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. எதுல கூட்டிட்டுப் போகப்போறேங்கிறதுலதான் வந்து நிக்குது சிக்கல்.

முதல்ல நல்ல சேதியைச் சொல்லியிருக்கணும். உன் கார் ஓடுது. அந்த இடிஞ்ச பங்களாவுல, மாட்டுக்கொட்டகைக்குள்ள கோழி அடைகாத்துக்கிட்டு இருந்த அதே கார்தான். ரெண்டே சீட்டு, தலைக்கு மேல கூரை கிடையாது, உள்ள கை விட்டா துரு பொலபொலன்னு கொட்டும். இதைப் போயி வாங்கிட்டு வந்து நிக்கிறியே, உனக்கென்ன கிறுக்கான்னு நான் கேட்டதுக்கு, "மச்சான், இது அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார், பந்தயத்துல ஓடியிருக்கும்"ன்னு சொன்ன. எந்தப் பந்தயம்னு கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்ல.

நீ ஸ்பானரும் கையுமா இங்கன விழுந்த அன்னைக்கு இன்ஜின் ஒரு மூலையில கிடந்துச்சு, சீட்டு ரெண்டும் மிளகா மூட்டை மேல இருந்துச்சு. எடைக்குப் போட்டுருங்கன்னு ஊரே சொல்லுச்சு. மீனாள் ஒருத்திதான் "அவுக ஆரம்பிச்சதை நீ முடிச்சுருண்ணே"ன்னா. டிராக்டரைத் தவிர வேற எதையும் பிரிச்சுப் பார்க்காத ஆளு நான், பெரிய இவனாட்டம் தலையை ஆட்டிட்டேன்.

போன மாசம் இன்ஜின் பிடிச்சுச்சு மாப்ள. ஷெட்டு முழுக்கப் புகை. அடுப்படியிலேர்ந்து ஓடி வந்தவ வாசல்லயே நின்னு சிரிச்சா. நீ போனப்புறம் அவ பல்லுத் தெரியச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். அந்தச் சிரிப்போடயே, "அவுக திதிக்கு நாம இதுலயே போவம்ணே, கடல் பாலத்து மேல இதுல போகணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாக"ன்னா. நான் சரின்னுட்டேன். அவகிட்ட மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கு எப்ப இருந்துச்சு?

இன்னைக்குக் காலையில உச்சிப்புளி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கடைவீதியில டீ குடிச்சிக்கிட்டு இருந்தவுக எல்லாம் எந்திரிச்சு நின்னு பார்த்தாக. மேல நேவிக்காரன் ஹெலிகாப்டர் போகுது, கீழ நான் போறேன், ஒருத்தன்கூட மேல பார்க்கல. எனக்கே கொஞ்சம் தலைகால் புரியலன்னு வையி. திரும்பி வர்றப்ப நம்ம ஊருக்குப் பிரியிற விலக்குல ஒரு பள்ளம். அதுல இறங்கி ஏறுனதும் அடியில 'மடக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.

ஷெட்டுக்கு வந்து அடியில படுத்துப் பார்த்தேன். "இது போச்சுன்னா வண்டி நடுவுல மடங்கிரும் மச்சான்"னு நீ தட்டித் தட்டிக் காட்டுவியே, அந்த நீளச் சட்டம். கறுப்புப் பெயிண்ட் பளபளன்னு இருக்கு. பின்சக்கரத்துக்கு முன்னால மட்டும் ஒரு இடம் லேசா உப்பியிருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஒரு குத்துக் குத்துனேன். பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு மாப்ள. இழுத்தா, ஈரத் துரு ஒரு கைப்பிடி எம் மூஞ்சியில கொட்டுது.

இராமநாதபுரத்து மெக்கானிக்குக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். உடனே போன் பண்ணிட்டாரு. "அண்ணே, அங்க இரும்பே இல்ல, பெயிண்ட்டுதான் தாங்குது. தயவுசெஞ்சு யாரையும் ஏத்திராதீக"ன்னாரு. வெளியில நல்லா இருக்குது, உள்ளுக்குள்ள எப்படி இத்துப் போச்சுன்னு அவருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்ல.

இதை உங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும். துரு எடுக்கிற ஆசிட்டை அந்தச் சட்டத்துக்கு உள்ள ஊத்தி, நல்ல தண்ணியில நாலஞ்சு தடவை அலசச் சொல்லி எங்கிட்டதான் விட்டிருந்த. உனக்கு நெஞ்சு வலி வந்து கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்த நேரம். காவிரித் தண்ணி தெருக்குழாயில ஒண்ணு விட்டு ஒரு நாள்தான் வரும். இருபது குடம் சுமக்கணும். இங்கன மோட்டாரைப் போட்டா போர்க்குழாய்த் தண்ணி கொட்டுது. அது என்ன தண்ணின்னு எனக்குத் தெரியாதா? அதை ஊத்துன முருங்கையே கருகிப் போச்சு. இருந்தும் ஓஸ் குழாயை எடுத்து உள்ள சொருகி விட்டுட்டேன். ஒரு நாள் இல்ல, மூணு நாள். நீ வந்து "நல்ல தண்ணிதானே மச்சான்?"னு கேட்ட. "பின்ன?"ன்னு சொன்னேன்.

அந்த உப்புதான் உள்ளயே தங்கி ரெண்டு வருஷமாத் தின்னுருக்கு.

பாலத்து மேல காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியும். நெல்லு ஏத்துன லாரியே ஒதுங்கும். நடுப்பாலத்துல, பின்னால பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு வாறப்ப, அந்தச் சட்டம் விட்டுச்சுன்னா? பக்கத்துச் சீட்டுல யாரு இருப்பா? காலையிலேர்ந்து கண்ணை மூடுனா அதுதான் தெரியுது.

அதை விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. ஒரு தகடு வச்சு வெல்டிங் அடிச்சு, முப்பது கிலோமீட்டர் வேகத்துலயே உருட்டிட்டுப் போனா ஒண்ணும் ஆகாதுடான்னு உள்ள ஒரு மனசு சொல்லுது. இல்லாட்டி பேட்டரி இறங்கிருச்சுன்னு சொல்லிரு, யாருக்குத் தெரியப் போகுதுங்குது. மத்தியானத்துலேர்ந்து ரெண்டு தடவை கேபிளைக் கழட்டி விடக் கை போயிருச்சு. உன் சம்சாரம் முன்னால போயி நிக்கிறதுக்குப் பயந்துக்கிட்டு அவ உசுரையே வச்சு விளையாடப் பார்க்கிறவன் நான். என்னைய நெனச்சா எனக்கே பயமா இருக்கு மாப்ள.

சரி, போறேன். வந்து எழுதுறேன்.

வந்துட்டேன். விளக்கு வச்சாச்சு.

நான் போனப்ப கூடத்துல உட்கார்ந்து எள்ளுப் புடைச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல ஒரு பச்சைத் துண்டு, மடிச்சு வச்சிருந்துச்சு. "காத்துக்குத் தலையில கட்டிக்கிறலாம்னு எடுத்து வச்சேண்ணே"ன்னா. அதைக் கேட்டதும் பேட்டரின்னு சொல்ல வாய் திறந்துருச்சு. என்னமோ, "மீனா, கார் போகாது. சட்டம் இத்துப்போச்சு. நான்தான் காரணம்"னு வந்துருச்சு. அவ எதிர்லயே உட்கார்ந்தேன்.

எல்லாத்தையும் சொன்னேன். அவ புடைக்கிறதை நிறுத்தல.

"உப்புத் தண்ணின்னு தெரிஞ்சேவா ஊத்துன?"

"தெரிஞ்சேதான்."

"அவுகளுக்கு?"

"நல்ல தண்ணின்னு சொல்லிட்டேன்."

அப்பத்தான் சுளகைக் கீழ வச்சா. திட்டப்போறான்னு நெனச்சேன். திட்டியிருந்தா தேவலை.

"அண்ணே, அவுக விழுந்த அன்னைக்கு நான் ரேஷன் கடையிலேர்ந்து வீடு திரும்புறதுக்குள்ள அவுகளைக் கொண்டுபோயிட்டு, ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் போன் பண்ணுன. லேசான மயக்கம், குளுக்கோஸ் ஏறுதுன்ன. பசியோட முழிப்பாகளேன்னு நான் கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியில ஊத்தி, பஸ்ஸுல மடியில வச்சு ஆத்திக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட எங்க வீட்டுக்காரருக்குச் சூடு ஆகாதுன்னு பேசிக்கிட்டு வந்தேன். நீ போன் பண்றப்பவே அவுக உசுரு போயி ஒரு மணி நேரம் ஆச்சுன்னு உனக்குத் தெரியும். வாசல்ல நின்னு தூக்குவாளியை வாங்கிக்கிட்ட."

தரையில சிந்திக் கிடந்த எள்ளைப் பொறுக்கிச் சுளகுல போட்டேன்.

"இந்த ஒரு வருஷமா உன்னைய ஒண்ணும் கேட்கல. பயந்த சுபாவம், என்ன பண்ணும்னு விட்டுட்டேன். கோபம் இல்லாம இல்ல. இப்பவும் இருக்கு." எள்ளைப் பொட்டலமாக் கட்டுனா. "ஆனா இந்தத் தடவை என்னையக் கஞ்சி காய்ச்ச விடலயே, அது போதும். காலையில அஞ்சரைக்கு பஸ்ஸு. தூங்கிறாத."

மாப்ள, நாளைக்கு பஸ்ஸுலதான் வாரோம். அந்தச் சட்டத்தை முழுசா அறுத்து எறிஞ்சுட்டுப் புதுசு வைக்கச் சொல்லியிருக்கேன். முடிஞ்சதும் நான் மட்டும் தனியா ஓட்டி அந்தப் பாலத்தைத் தாண்டுவேன், திரும்பி வருவேன். கை நடுங்கும், நடுங்கட்டும். அதுக்கப்புறம்தான் உம் பொண்டாட்டியை ஏத்துவேன். ஏத்துறதுக்கு முன்னால, எது எது எனக்குப் பயமா இருக்குன்னு ஒண்ணு விடாம அவகிட்டச் சொல்லிருவேன். ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம். இது உனக்கு நான் தர்ற வாக்கு.

அந்தத் தூக்குவாளி இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். காலையில பஸ்ஸுக்கு வாறப்ப எடுத்துட்டு வந்து அவ கையில குடுத்துருவேன்.

உனக்குப் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன்,
உன் மச்சான் துரை