இரண்டாம் முறை வார்த்த வாள்

தம்பி,

இன்று காலை செஞ்சிக் கடைத்தெருவில், நாட்டு மருந்துக் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுக்கு வாங்கத்தான் போனேன். உள்ளே யாரோ குங்கிலியம் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ மெழுகு காய்ச்சுவதுதான் கண்முன் வந்தது. கடைக்கார பாய் பதறிப்போய் வெளியே வந்தார்.

"இன்னாக்கா, பிரஷரா? தண்ணி எடுத்தாரவா?"

அவர் பேரனுக்கு ஊசி போட்ட நர்ஸ் அவர் கடைப் படியிலேயே சாய்ந்து கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஒன்றுமில்லை பாய் என்று சொல்லி எழுந்துவிட்டேன். சுக்கு வாங்க மறந்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதிர்ச்சி சில நாள் இருக்கும், பிறகு துக்கமாகிவிடும், துக்கம் மெல்லக் கரையும் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு அது இன்னும் துக்கமாகக்கூட ஆகவில்லை. சோறு பிசையும்போது கை நின்றுவிடுகிறது. நிஜமாகவா, நம் தம்பியா, என்று முதல்முறை கேட்பதுபோல மனசு கேட்கிறது.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ கும்பகோணம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனபோது நைனா உன்னோடு பேசுவதையே நிறுத்தினார். வார்ப்பு வேலை கற்றுக்கொண்டு திரும்பி, சிங்கவரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டபோதும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நம் ஊர் அம்மன் கோயில் கத்தி துருப்பிடித்துப் பிடியோடு கழன்று வந்தது. "இரும்பு வேணாம். வெண்கலத்துல பழைய முறையில வார்த்துத் தரேன்" என்று நீயே போய்ப் பூசாரியிடம் சொன்னாய். உனக்கு அது முதல் வாள். இந்த ஊருக்கே நீ யாரென்று காட்டப்போகிற வாள்.

தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகிலேயே முழு வாளையும் நீ செய்ததைப் பார்த்தேன். டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் கொட்டகையில் இறங்கிவிடுவேன். பிடியில் யாளி முகத்தைச் செதுக்கிக்கொண்டே, "தொடாதக்கா, உன் கை சூடே இதுக்குப் போதும், வளைஞ்சிடும்" என்பாய். அதன்மேல் ஏரி வண்டலை மெழுகிக் காயவைத்தாய். மறுபடி மெழுகினாய். கடைசியில் கம்பி கட்டிச் சூளையில் வைத்தாய். உள்ளே இருந்த மெழுகு உருகி ஓடியது. வாளின் உருவத்தில் வெறும் இடம் மட்டும் மண்ணுக்குள் மிஞ்சியது. செம்பும் வெள்ளீயமும் உருகிய குழம்பை நீ அதில் ஊற்றியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஆடித் திருவிழாவில் அந்த வாள் வெள்ளிபோல மின்னியது. தெருமுனையில் வழக்கம்போலக் கல்லின்மேல் பூசணிக்காய் வைத்தார்கள். பூசாரி சாமி வந்து ஆடியபடி வாளை ஓங்கினார். காய் பிளந்தது. கூடவே கண்ணாடிச் சட்டம் விழுந்ததுபோல ஒரு சத்தம். வாளின் முன்பாதி பறந்துபோய் மேளக்காரர் காலடியில் விழுந்தது.

மேளம் நின்றது. சாமி ஆடிய உடம்பு ஆட்டத்தை மறந்து நின்றது. பூசாரி தன் கையில் இருந்த பாதிக் கத்தியைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நீ ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். ஓடிவிடு என்று மனசுக்குள் கத்தவும் செய்தேன். நீயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், முறிந்த துண்டை எடுத்து, முறிந்த இடத்தைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"வெள்ளீயம் கூடிப்போச்சு" என்றாய், எல்லாருக்கும் கேட்கும்படி. "பளபளப்பா வரணும்னு ஆசப்பட்டு அதிகமா போட்டுட்டேன். அம்மா மேல குத்தம் இல்ல, பூசாரி மேலயும் இல்ல. என் மேலதான். இதையே உருக்கித் திரும்ப வார்க்கறேன். கோயில் எதிர்லயே வார்க்கறேன், எல்லாரும் வந்து பாருங்க."

தர்மகர்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒடஞ்சது ஒடஞ்சதுதான். ஊருக்கு ஆவாது" என்று தோள் துண்டை உதறிக்கொண்டு போனார். பூசாரிதான், "செய்யட்டும்யா" என்றார்.

தை மாசம் கோயில் திடலிலேயே குழி தோண்டி அடுப்பு மூட்டினாய். முறிந்த வாள் துண்டுகளோடு செம்பு கூட்டி உருக்கினாய். நைனா அன்றைக்குத்தான் முதல்முறை உன் வேலையைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா நிற்காமல் துருத்தியை வாங்கி ஊத ஆரம்பித்தார். இந்த முறை வாள் வெள்ளியாக மின்னவில்லை, கருப்பட்டி நிறத்தில் மங்கலாக இருந்தது. நீயே அதே கல்லின்மேல் பூசணிக்காய் வைத்து ஓங்கி வெட்டினாய். வாள் லேசாக வளைந்தது, முறியவில்லை. முழங்காலில் வைத்து நிமிர்த்திப் பூசாரி கையில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு மண்டகப்பட்டுப் பக்கத்துக் கோயில் ஒன்றிலும் உன்னிடம் வாள் கேட்டார்கள். சித்திரை கடைசியில் அதற்கு வண்டல் எடுக்க ஏரிக்குப் போனாய். நான் டியூட்டியில் இருந்தேன். மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு, மழைகூட இல்லாமல் ஒரே ஒரு இடி விழுந்தது. வார்டு ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. "எங்கியோ கிட்டத்துலதான் உழுந்திருக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். சொன்னது நான்தான், தம்பி. சொல்லிவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடலை மூட்டை ஏற்றுகிற வேனில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போய் நாடி பார்த்தேன். கை பிடித்தபோது மண் ஒட்டியது. ஈர வண்டல், முழங்கைவரை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. எத்தனையோ பேரை இப்படிப் பார்த்தவள் இல்லையா, கை தன்பாட்டில் வேலை செய்தது. நெஞ்சை அழுத்திக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். நீ.

அழுத்துவதை நான் நிறுத்தவில்லை. டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, "சிஸ்டர், போதும்" என்றார். பிறகும் நிறுத்தவில்லை. யார் என்னை இழுத்து உட்காரவைத்தார்கள் என்று தெரியாது. என் உள்ளங்கை முழுக்க அந்த மண் இருந்தது. அதைக் கழுவச் சொன்னார்கள். நான் கழுவமாட்டேன் என்று சண்டை போட்டேனாம்.

உன்னை எடுப்பதற்கு முன்னாலேயே வீட்டு வாசலில் அந்தப் பேச்சு வந்துவிட்டது. பந்தலில் உட்கார்ந்துகொண்டு தர்மகர்த்தா சொன்னார்: "கத்தி ஒடஞ்சப்பவே எனக்குத் தெரியும். அம்மா காவு வாங்கிட்டா."

அதுவரை எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். "போன வருஷம் உங்க மாட்டு மேல இடி உழுந்துச்சே, அது இன்னா கத்தி வார்த்துச்சு?" என்று கேட்டேன். "ஏரிக்கரை பனை எரிஞ்சிதே, அது இன்னா தப்பு பண்ணுச்சு? எந்தம்பி தப்ப ஊர் நடுவுல நின்னு ஒத்துக்கினான். அதுக்கு அம்மா சாவா குடுப்பா? அப்படிப்பட்டவளயா நீங்க கும்பிடறீங்க?" பூசாரியும் அங்கேதான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று வெகுநாள் மனசுக்குள் கோபம் இருந்தது.

உன் வாளைத் துணியில் சுற்றிக் கோயில் பரணில் போட்டார்கள். ஆடிக்குத் தங்க பெயிண்ட் அடித்த இரும்புக் கத்தி ஒன்று வாங்கிவந்தார்கள். நான் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நைனா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "வா, போலாம்" என்றார். போனோம்.

ஊர்வலம் புறப்படுகிற நேரத்தில் பூசாரி அந்தப் புதுக் கத்தியைத் தொடவில்லை. ஏணி வைக்கச் சொல்லி, தானே ஏறிப் பரணிலிருந்து துணிமூட்டையை இறக்கினார். தர்மகர்த்தா, "இன்னாயா பண்ற?" என்று கத்தினார்.

"மொதக் கத்திய ஒடச்சது என் கை" என்றார் பூசாரி. "அம்மாவுக்குக் கோவம்னா எம்மேல இல்ல வந்திருக்கணும்? நான் நல்லாதான இருக்கறேன். அன்னிக்குப் பந்தல்லயே சொல்லியிருக்கணும், வாய் வரல. இந்தக் கத்தி இல்லாம நான் கரகம் எடுக்கமாட்டேன்."

பிறகு என்னைத் தேடி வந்தார். மஞ்சள் வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. "கொஞ்சம் புடிம்மா" என்று வாளை என்னிடம் நீட்டினார்.

அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை, தம்பி. முதல் வாளுக்குத் தொடாதே என்றாய், இரண்டாவதைத் தொட நேரம் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். நினைத்ததைவிட அதிகக் கனம். மணிக்கட்டு இறங்கியது. நைனா கீழே கை கொடுத்துத் தாங்கினார். பூசாரி வேட்டியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். மேளம் கிளம்பியது.

அது சின்ன நேரம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையைத் தூக்கும்போது, வீட்டில் தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது, சும்மா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும்கூட, என் வலது மணிக்கட்டில் அந்தக் கனம் வந்து உட்காருகிறது. அது போய்விட வேண்டாமென்று மருந்து எதுவும் தடவாமல் இருக்கிறேன்.