மகள் அனுப்பிய கேள்விகள்

மகளே,

நீ அனுப்பிய நான்கு கேள்விகளும் வந்தன. பத்திரிகைக்கு எழுதுகிறவளுக்கு எதை எங்கே அனுப்புவது என்றுகூடத் தெரியாதா? கடை நம்பருக்கு அனுப்பியிருக்கிறாய். கல்லாவில் இருந்த உன் தம்பி, ஏதோ பிளைவுட் ஆர்டர் என்று நினைத்து, தச்சர் வேம்புலி முன்னால் சத்தமாகப் படித்துவிட்டான்.

“இன்னா அண்ணாத்தே, ஊட்டுப் பொண்ணே உன்னிய பேட்டி எடுக்குதா?” என்று வேம்புலி சிரித்தான். இந்நேரம் கொரட்டூரே சிரித்து முடித்திருக்கும்.

மூன்று மாதமாக எந்தப் பத்திரிகை ஆசிரியரும் உன் கட்டுரை யோசனையை வாங்கவில்லை என்றாய். மியூச்சுவல் ஃபண்டு, தங்கக் கடன் என்று என்னென்னவோ எழுதி அனுப்பினாய். கடைசியில் ‘வியாபாரக் குடும்பங்களில் மகள்களின் பங்கு’ என்று என்னைக் காட்டியதும் உடனே விலை போய்விட்டது. அப்பாவின் தரப்பும் இருந்தால்தான் அச்சேறும் என்றார்களாம். நல்ல வியாபாரம்.

ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய கேள்விகளுக்குப் பதில் பின்பக்கம் இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் வக்கீலோடு வருவேன். கடைப் பெயர் வரவே கூடாது.

மூன்றாவது கேள்வி: ‘எட்டு வருடம் கடையைப் பார்த்துக்கொண்டவள் மகள், திருநின்றவூர் மனை இரண்டும் ஏன் மகன் பெயரில்?’ இதற்கு மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்று போட்டுக்கொள்.

அன்று இரவு கடையை மூடும்போது உன் தம்பியும் அதையே கேட்டான். நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டேன். அதை மட்டும் எழுதிவிடாதே.

அப்பா